பிரிட்டன் தெருக் கேமராக்கள்: வரி கட்டுபவரின் மதிப்பீடு

குப்பை வண்டி ஒரு வாரம் வராவிட்டால் கவுன்சிலுக்கு, அதாவது உள்ளாட்சி மன்றத்துக்கு, போன் போட்டுக் கேட்கும் நாம், அதே வரிப்பணத்தில் ஓடும் தெருக் கேமரா இதுவரை என்ன செய்தது என்று கேட்பதில்லை. லண்டன் நியூஹாமில், ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவுக்கு அருகில் குடியிருப்பவன் என்ற முறையில், மற்றச் சேவைகளைப் போலவே இதையும் மதிப்பிடலாம் என்று நினைத்தேன்.

1960இல் டிரஃபால்கர் சதுக்கத்துக் கூட்டத்தைக் கவனிக்க லண்டன் காவல்துறை தற்காலிகமாக இரண்டு கேமராக்களை வைத்தது. 1985இல் போர்ன்மத் கடற்கரையோரம் நிரந்தரக் கேமராக்கள் வந்தன. ஆனால் இந்தச் சேவையை நாடு முழுவதும் கொண்டு சேர்த்தது 1993இல் பூட்டில் நகரக் கடை வளாகத்தில் பதிவான காட்சிதான். பின்னர் கொல்லப்பட்ட இரண்டு வயதுக் குழந்தை ஒன்றை இரு சிறுவர்கள் அழைத்துச் செல்வதை அதில் நாடே பார்த்தது. அந்தக் கேமராவால் குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. அழைத்துப் போனது சிறுவர்கள் என்பதை மட்டுமே அது பிற்பாடு காட்டியது. அப்படியிருந்தும், குற்றத்தைத் தடுக்கும் கருவி என்றே அது ஊர் ஊராக வாங்கப்பட்டது. 1996 முதல் 1998 வரை உள்துறை அமைச்சகம் குற்றத்தடுப்புக்கு ஒதுக்கிய நிதியில் முக்கால் பங்குக்கு மேல் கேமராக்களுக்கே போனது.

வாங்கிக் குவித்த பிறகுதான் சோதித்துப் பார்த்தார்கள். அமைச்சகத்துக்காக லெஸ்டர் பல்கலைக்கழகத்தினர் செய்து 2005இல் வெளியான ஆய்வு, தெருக்களும் குடியிருப்புகளும் அடங்கிய 14 திட்டங்களில் பெரும்பாலானவற்றில் குற்றம் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை என்றது. ரயில் நிலையக் கார் நிறுத்துமிடங்கள் மட்டும் நன்றாகத் தேறின. வாசல்கள் குறைவாகவும் வெளிச்சம் போதுமானதாகவும் இருக்கும் இடத்தில், காரை உடைக்க நினைப்பவன் அகப்படுவோம் என்று கணக்குப் பார்த்துத் தயங்குகிறான். நள்ளிரவில் மதுக்கடை வாசலில் கைகலப்பில் இறங்குபவனுக்கு அந்தக் கணக்கெல்லாம் தோன்றுவதில்லை. அதே ஆண்டு ஜூலையில் லண்டனில் குண்டு வைத்தவர்களை அடையாளம் காணக் கேமராப் பதிவுகள் பெரிதும் உதவின என்பதையும் சொல்லியாக வேண்டும். நடந்ததைத் துப்புத்துலக்கும் வேலையில் இதற்குத் தாராளமாக மதிப்பெண் கொடுப்பேன்.

முகமறியும் மென்பொருள் விஷயத்தில் எங்கள் நியூஹாம் இரண்டு முறை முதல் களம் ஆகியிருக்கிறது. 1998இலேயே இங்குள்ள தெருக் கேமராக்களோடு அது இணைக்கப்பட்டது. பெரிதாக விளம்பரப்படுத்தப்பட்ட அளவுக்குப் பலன் வரவில்லை. 2020 பிப்ரவரியில் லண்டன் பெருநகரக் காவல்துறை, சோதனைக் கட்டம் முடிந்து நேரடிப் பயன்பாட்டைத் தொடங்கியபோது, முகமறியும் கேமரா பொருத்திய வேனை முதலில் நிறுத்தியதும் இங்கே ஸ்ட்ராட்ஃபோர்டில்தான். பல இன மக்கள் வாழும் பகுதிகளே முதலில் தேர்வாவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. 2010இல் பர்மிங்ஹாமில் முஸ்லிம்கள் செறிந்து வாழும் பகுதிகளைச் சுற்றி, பயங்கரவாதத் தடுப்பு நிதியில் இருநூறுக்கும் மேற்பட்ட கேமராக்களை வைத்துவிட்டு, மக்கள் கொதித்தெழுந்த பிறகு பைகளால் மூடி, பின்னர் கழற்றியதை அறிந்தவர்களுக்கும் அந்தச் சந்தேகம் எழும்.

வாடிக்கையாளர் சேவை எப்படி? உங்கள் உருவம் பதிவான காட்சியின் நகலைக் கேட்கச் சட்டம் உரிமை தருகிறது. பொதுவாகக் கட்டணம் இல்லை. வேறோர் ஊரின் கவுன்சிலிடம் கேட்டுப் பார்த்தேன். தேதி, நேரம், நின்ற இடம், அணிந்திருந்த உடையின் நிறம் என எல்லாவற்றையும் எழுதி, அடையாளச் சான்றும் இணைக்கச் சொன்னார்கள். வந்த படத்தில் மற்றவர் முகங்கள் மங்கலாக்கப்பட்டிருந்தன. என் முகமும் கிட்டத்தட்ட அந்த நிலையில்தான் இருந்தது. பதில் தர ஒரு மாத அவகாசம் உண்டு, ஆனால் பல இடங்களில் பதிவு அழியும் காலமும் ஏறத்தாழ ஒரு மாதம்தான். ஆகவே பணப்பை பறிபோனால் அன்றைக்கே கம்பத்துப் பலகையில் உள்ள எண்ணை அழைத்து, பதிவை அழிக்காமல் எடுத்து வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். காவல்துறை தரும் குற்ற எண்ணையும் அதில் குறிப்பிடுங்கள்.