சதையி நோயும் எலும்பும்: வெயிலா, குளிசையா, ஊசியா, நொதியமா?

நாட்பட்ட சதையி அழற்சி (கணைய அழற்சி) உள்ளவர் கிளினிக்கில் வயிற்று நோவைத்தான் சொல்வார். எலும்பைப் பற்றி அவரும் கேட்பதில்லை, அநேகமாக யாரும் சொல்வதுமில்லை. ஆனால் 2014இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இந்த நோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு எலும்பு நலிவு (எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நிலை) இருந்தது. மூன்றில் இருவருக்கு எலும்பின் அடர்த்தி ஏதோ ஓர் அளவில் குறைந்திருந்தது. சதையி நொதியம் (சாப்பாட்டைச் சமிக்க வைக்கும் என்சைம்) சுரக்காவிட்டால் கொழுப்பு சமிக்காது. கொழுப்பில் கரையும் விற்றமின் டி அதோடு சேர்ந்து மலத்தில் போய்விடும், கல்சியமும் கூடவே போகும். பீடியும் சாராயமும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். (குடிக்காதவருக்கும் இந்த நோய் வரும். ஊரில் அதை நம்பவைப்பதுதான் கஷ்டம்.)

வன்னியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. தோலில் உண்டாகும் விற்றமின் டிக்குக் குடலின் தயவும் தேவையில்லை, அதுதான் அதன் பெரிய பலம். ஆனால் வயலில் அருவி வெட்டும் பெண்களைப் பாருங்கள்: சட்டைக்கு மேல் முழுக்கைச் சேட்டு, தலையில் துவாய். நாள் முழுக்க வெயிலில் நின்றும் தோலில் வெயில் படுவது முகத்திலும் கையிலும் கொஞ்சம்தான். நோவால் வீட்டோடு கிடப்பவருக்கு அதுவும் இல்லை. வெயில் நல்லது, அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

விற்றமின் டி குளிசை மலிவு, ஆனால் குடல் உறிஞ்சினால்தானே பலன். ஊசி குடலைத் தாண்டிப் போவதால் உறிஞ்சல் மோசமானவருக்கு உதவும். அதற்காக ‘பெரிசா ஒண்டு போட்டுவிடுங்கோ’ என்று கேட்க வேண்டாம். 2010இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், வருடத்துக்கு ஒருதரம் 5 லட்சம் அலகு விழுங்கிய முதிய பெண்கள் கூடுதலாக விழுந்தார்கள், எலும்பும் கூடுதலாக முறிந்தது.

என்னைக் கேட்டால், சதையி சுரக்காத நொதியத்துக்குப் பதிலாக விழுங்கும் நொதியக் கப்சியூலுக்குத்தான் முதலிடம். அது சரியாக வேலை செய்யாதவரை குளிசையும் பாலும் நெத்தலியும் குரக்கன் புட்டும் பாதி வீண். முதல் வாய்ச் சோற்றோடு விழுங்க வேண்டும். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு போட்டால் சாப்பாட்டோடு கலக்காது. சப்பவும் கூடாது. பெரியவர்களுக்கு ஒரு முழுச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 அலகு லிப்பேசில் (கொழுப்பைச் சமிக்க வைக்கும் நொதியம்) தொடங்குவது வழக்கம். எண்ணெய்ப் பிசுக்கோடு மலம் மிதப்பது நிற்காவிட்டால், சொதியை நிறுத்துவதற்கு முன், கப்சியூலின் அளவு போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கொழுப்பை அடியோடு விலக்கச் சொல்லும் பழைய புத்திமதி இப்போது இல்லை. பெரும்பாலான கப்சியூல்கள் பன்றியின் சதையியிலிருந்து எடுக்கப்படுவதால், அதை முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுப்பதுதான் மரியாதை.

கல்சியத்தில் கார்பனேற்றா, சிட்ரேற்றா? வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போடுபவருக்குச் சிட்ரேற். கார்பனேற் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும்.

எக்ஸ்ரேயை நம்பி இருக்காதீர்கள். எலும்பு 30 வீதமளவு கரைந்த பிறகுதான் அதில் தெரியும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் தெக்ஸா ஸ்கேன்தான் சரி. ஆனால் முதுகிலோ இடுப்பிலோ ஷெல் துண்டு உள்ளவர்கள் எடுப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும். உலோகம் படத்தில் விழுந்தால் எலும்பு உள்ளதைவிடத் திடமாகக் காட்டும். அப்புறம், வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருப்பதால், கல்சியமும் விற்றமின் டியும் கூடிய அளவில் தொடங்க முன் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்த்துக்கொள்ளுங்கள்.