ஒழுகுகிற ரேடியேட்டர்: மஞ்சள் பொடியா, ஈயப் பற்றா, புதுசே வாங்குவதா?

சமைக்கவும் படுக்கவும் வசதி உள்ள கேம்பர் வேனில் கூலன்ட், அதாவது இன்ஜின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டர் வழியாகச் சுற்றி வருகிற திரவம், ஒழுகினால் சட்டென்று பிடிபடாது. பாத்திரம் கழுவுகிற தொட்டி சொட்டும், ஏசி சொட்டும், இதுவும் அதுதான் என்று விட்டுவிடுவோம். நானும் பாளையங்கோட்டை வீட்டு வாசலில் இரண்டு வாரம் ஈரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, சாரல் சமயம் குற்றாலம் போய் அப்படியே ஆரியங்காவு வரை ஏறிவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். புளியரை எஸ் வளைவில் சுமை லாரிக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தபோது இன்ஜின் சூடு காட்டுகிற முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஓரம் கட்டி இறங்கினால் தித்திப்பாக ஒரு வாடை. விரலில் தொட்டுத் தேய்த்தால் வழவழ என்றிருந்தது. சொட்டியது கூலன்ட்தான்.

வண்டிக்கு இருபது வயது தாண்டிவிட்டது, ரேடியேட்டர் பழைய பித்தளை–செம்பு வகை: மேலே ஒரு தொட்டி, கீழே ஒரு தொட்டி, நடுவில் இரண்டையும் இணைக்கிற மெல்லிய குழாய்கள், குழாய்களுக்கு இடையே சூட்டை இறக்குகிற தகடுகள். நான் சொல்லப்போவதில் பாதி இந்த உலோகத்தை வைத்துத்தான்.

அன்றைக்குக் கை கொடுத்தது மஞ்சள் பொடி. முக்கால் மணி நேரம் ஆறவிட்டேன். சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது, உள்ளே அழுத்தத்தால் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் நிற்கிற தண்ணீர், மூடி தளர்ந்த நொடியில் முகத்தில் பீய்ச்சும். அப்புறம் சமையல் டப்பாவிலிருந்து இரண்டு கரண்டி எடுத்துக் கரைத்து ஊற்றினேன். பொடி ஓட்டை வழியாக வெளியேறப் பார்த்து அங்கேயே கெட்டிப்பட்டு அடைத்துக்கொள்ளும். சொட்டு நின்றது, ஊர் வந்து சேர்ந்தேன். கடையில் பாட்டிலில் விற்கிற லீக் அடைப்பானும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் கொஞ்சம் நாகரிகமாகச் செய்கிறது. இரண்டிலும் ஒரே சிக்கல், அடைக்க வேண்டிய ஓட்டையோடு அடைக்கக் கூடாத குழாயும் சேர்ந்து அடையும்.

அது எவ்வளவு என்பது பட்டறையில்தான் தெரிந்தது. வண்ணார்பேட்டைப் பக்கம் ரேடியேட்டர் வேலை மட்டுமே பார்க்கிற ஒருவர் ஈயப் பற்றை உருக்கி மேல் தொட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இதுக்குள்ள சாம்பாரா வச்சிய?” என்றார். குழாய் வாய்களில் பாதிக்கு மேல் மஞ்சள் சேறு. தட்டைக் கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டுக் குத்தி எடுக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. மஞ்சள் பொடிக்கு நான் கொடுத்த உண்மையான விலை அந்தக் கூலிதான்.

ஈயப் பற்று வைப்பது சைக்கிள் பஞ்சர் பார்க்கிற மாதிரி. ரேடியேட்டரின் வாய்களை அடைத்து, காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். கீழ்த் தொட்டியோடு குழாய் சேருகிற இடத்திலிருந்து மணி கோத்தாற்போலக் குமிழ் கிளம்பியது. சுரண்டிச் சுத்தம் செய்து ஈயம் வைத்தார், அடுத்த முக்கலில் குமிழ் இல்லை. ஆனால் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: எத்தனை குழாயை அடைத்தீர்கள்? ஓட்டை குழாயின் நடுவில் இருந்தால் தகடுகளுக்கு இடையே கை போகாது, அந்தக் குழாயின் இரண்டு முனையையும் ஈயத்தால் மூடிவிடுவார்கள். ஒன்றிரண்டு போனால் பரவாயில்லை (எனக்கு இரண்டு). அதற்கு மேல் போனால் நான்குவழிச் சாலையில் வண்டி சமர்த்தாக ஓடும், மலையில் ஏறும்போது மறுபடி முள் சிவப்புக்குப் போகும்.

புது அலுமினிய ரேடியேட்டர் எடை குறைவு, சூடும் நன்றாக இறக்கும், பற்றுக்கூலியைப் போல நாலு மடங்கு விலை சொன்னார்கள். எனக்கு உறுத்தியது விலை இல்லை. அதன் மேல் கீழ் தொட்டிகள் பிளாஸ்டிக், ரப்பர் பட்டை வைத்து விளிம்பை மடக்கி இறுக்கியிருப்பார்கள். வயதானால் பிளாஸ்டிக் வெடிக்கும், அதற்கு ஈயம் வைக்க முடியாது. ஊருக்குள் ஓடுகிற வண்டிக்கு இதையே வாங்கலாம். அணைக்கட்டுப் பக்கம் நிறுத்திப் படுக்கிற வண்டிக்கு, அம்பாசமுத்திரத்திலோ கடையநல்லூரிலோ பற்ற வைத்துச் சரிசெய்யக்கூடிய பித்தளைதான் என் ஓட்டு. தகடுகளை விரலால் தேய்த்தாலே பொடிப்பொடியாக உதிர்கிறது என்றால் மட்டும் பற்றும் வீண். அப்போதும் பித்தளைத் தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுப்பகுதியை மட்டும் புதிதாகப் போட்டுத்தரச் சொல்லுவேன்.

இதற்கெல்லாம் முன்னால் ஹோஸைப் பாருங்கள். கிளிப் பக்கத்தில் உப்பி மெத்தென்று இருந்தால் கோளாறு அங்கேயே இருக்கலாம். வாட்டர் பம்புக்கு அடியில் ஒரு சின்னத் துளை உண்டு, அதில் ஒழுகினால் உள்ளே சீல் போய்விட்டது என்று அர்த்தம், பம்பை மாற்றுங்கள், பொடி உதவாது. இன்ஜின் ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் கூலன்டும் ஆயிலும் கலக்காமல் இன்ஜினுக்குள் தடுக்கிற ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகட்டைச் சந்தேகப்பட்டு வண்டியை ஓட்டாமல் நிறுத்துங்கள்.

என் ரேடியேட்டர் கெட்டதற்குப் பாதிக் காரணம் நானே. ராதாபுரம் பக்கம் போனபோதெல்லாம் கண்ட போர் தண்ணீரையும் ஊற்றினேன், அந்த உப்பு உள்ளே படிந்தது, கூலன்டில் இருக்கிற துரு தடுப்பு மருந்தும் நீர்த்துப்போனது. இப்போது பாதி கூலன்ட், பாதி பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர். பழசை வடித்த வாளியை மட்டும் மூடி வையுங்கள். இனிப்பாக இருப்பதால் தெரு நாய் வந்து நக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே அதற்குச் சிறுநீரகம் போய்விடும்.