குன்னூரில் ஏர் சஸ்பென்ஷன் பழுதுபார்க்கும் ஒரு பட்டறை: ஓராண்டு அனுபவம்

குன்னூரில் சிம்ஸ் பூங்காவைத் தாண்டிக் கோத்தகிரி சாலையில் சிறிது தூரம் சென்றால், சரிவில் இறங்கும் ஒரு மண்பாதையின் முடிவில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு பட்டறை இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு வண்டிகளுக்குமேல் நிறுத்த முடியாத இடம். ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார்களை மலையிலேயே வைத்துச் சரிசெய்ய முடியும் என்பதை நான் அறிந்துகொண்டது இங்கேதான். ஓராண்டுக்கு முன் என் வண்டியை இங்கே விட்டேன். அதன்பின் இரண்டு முறை பராமரிப்புக்காகச் சென்றிருக்கிறேன். இதே தொல்லையோடு மேட்டுப்பாளையத்துக்கும் கோவைக்கும் இறங்கி ஏறிக்கொண்டிருப்பவர்கள் நீலகிரியில் இன்னும் சிலர் இருப்பார்கள் என்பதால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

என்னுடையது ஏழு ஆண்டு ஓடிய பிறகு நான் வாங்கிய ஓர் ஐரோப்பிய எஸ்யூவி. சுருள்வில்லுக்குப் பதிலாக நான்கு சக்கரங்களிலும் காற்று நிரப்பிய ரப்பர் பெல்லோ இருக்கும் வகை. நம் ஊர் மெக்கானிக்குகள் அதைப் பலூன் என்கிறார்கள். இரவு நேராக நிற்கும் வண்டி காலையில் முன்பக்க இடது சக்கரத்தின் மேல் சாய்ந்து கிடக்கும். எஞ்சினைக் கிளப்பினால், பெல்லோக்களுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் நெடுநேரம் இரைந்து ஒருவழியாகத் தூக்கிவிடும். சமவெளியில் ஒரு சர்வீஸ் நிலையத்தில் காட்டியபோது, ஸ்கேனரில் கம்ப்ரசர் அதிகமாகச் சூடேறுகிறது என்ற பிழைக் குறியீடு வந்ததைக் கொண்டு, செப்டம்பர் மாதத்தில் கம்ப்ரசரையே புதிதாக மாற்றிக் கொடுத்தார்கள். பொங்கலுக்குள் புதிய கம்ப்ரசரும் அதே குறியீட்டைக் காட்டத் தொடங்கியது. கம்ப்ரசர் சூடேறியது உண்மைதான். ஆனால் அது ஏன் ஓயாமல் ஓடுகிறது என்ற கேள்வியை அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

குன்னூர்ப் பட்டறையின் பெரியவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். ஆம்னி பேருந்துகளின் ஏர் பெல்லோ வேலையில் தொழில் கற்று, பிறகு சொந்த ஊருக்குத் திரும்பியவர் அவர். ஸ்கேனரைக் கையில் எடுப்பதற்கு முன், “எத்தனை மணி நேரத்துல இறங்குது சார்? ஒரு மூலை மட்டுமா, முன்பக்கம் முழுசுமா?” என்று கேட்டார். எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. வண்டியை அன்று இரவு அங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

இந்த ஓர் இரவுதான் இந்தப் பட்டறையின் தனிச்சிறப்பு என்று நான் கருதுகிறேன். குன்னூரில் வீட்டு வாசல்கள் பெரும்பாலும் சரிவானவை. சரிவில் நிற்கும் வண்டியில் எடை ஒரு பக்கமாகச் சாய்வதால், அங்கே எடுக்கும் உயர அளவை நம்ப முடியாது. இங்கே ரசமட்டம் வைத்துப் போட்ட சிமெண்டுத் தளம் ஒன்று இருக்கிறது. மாலையில் நான்கு சக்கரங்களின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை இரும்பு அளவுநாடாவால் அளந்து, அந்தந்தச் சக்கரத்தின் அருகே தரையிலேயே சாக்பீஸால் எழுதினார்: முன்பக்கம் 462, 463 மில்லிமீட்டர், பின்பக்கம் இரண்டும் 470. மறுநாள் காலை நான் போனபோது அந்த எண்களுக்குக் கீழே புதிய எண்கள் இருந்தன. முன் இடது 398, முன் வலது 458, பின்பக்கம் 466, 467.

நான்குமே இறங்கியிருப்பதைப் பார்த்து எனக்குக் கலக்கமாகிவிட்டது. மூன்று சக்கரங்களில் காணப்பட்ட மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் இறக்கம் பழுதே அல்ல என்று அவர் விளக்கினார். மாலையில் ஏறத்தாழ 20 டிகிரியாக இருந்த பெல்லோக் காற்று விடியற்காலையில் 8 டிகிரிக்குக் குளிர்ந்தால், அதே எடையைத் தாங்கும்போது அதன் கன அளவு நூற்றுக்கு நான்கு பங்கு சுருங்கும். இது பள்ளியில் படித்த வாயு விதிதான். உறைபனிக் காலத்தில் ஊட்டியில் வண்டி வைத்திருப்பவர்கள் காலையில் சற்றே தாழ்ந்து நிற்கும் காரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நான்கும் ஏறக்குறைய சமமாகத் தாழ்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஆனால் 64 மில்லிமீட்டர் என்பது குளிரின் வேலை அன்று, கசிவு.

கசிவு எங்கே என்று தேடிய விதத்தையும் சொல்ல வேண்டும். ஒரு கிண்ணத்தில் சோப்புக் கரைசல், ஓர் அங்குலப் பெயின்ட் பிரஷ், ஒரு டார்ச் விளக்கு, கருவிகள் இவ்வளவுதான். முதலில், சக்கரங்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக்கில் குழாய்கள் சேரும் இடங்கள், அடுத்து பெல்லோவும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூணான ஸ்ட்ரட்டின் தலைப்பகுதியில் உள்ள இணைப்பு, கடைசியாகப் பெல்லோ. வழக்கமான உயரத்தில் எங்கும் குமிழ் வரவில்லை. பலர் இந்த இடத்தில் தேடலை நிறுத்திவிடுவார்கள் என்று நினைக்கிறேன். அவரோ உதவியாளரிடம் படுக மொழியில் ஏதோ சொல்ல, அந்த இளைஞர் ஸ்கேனர் வழியாக வண்டியை மிக உயர்ந்த நிலைக்குத் தூக்கினார். பெல்லோவின் அடிப்பகுதியில் ரப்பர் தனக்குள்ளேயே மடிந்து உருளும் ஒரு மடிப்பு உண்டு. வண்டி உயர்ந்ததும் அந்த மடிப்பு விரிந்து, அதுவரை மறைந்திருந்த இரண்டு விரல் அகலப் பகுதி வெளியே வந்தது. அதில் செம்மண் ஒரு கோடாகப் படிந்திருந்தது. பிரஷ்ஷால் ஒருமுறை தடவியதும் அந்தக் கோட்டின் ஓரத்தில் கடுகளவு குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, சேர்ந்து, ஒரு சிறு நுரைக்கொத்தாகி நின்றன. மயிரிழை அளவு வெடிப்பு. மடிப்பில் சிக்கிய மண், ரப்பர் உருளும் ஒவ்வொரு முறையும் அரைத்து அரைத்து உண்டாக்கிய வெடிப்பு அது. எஸ்டேட் சாலைகளில் ஓடும் வண்டிகளில் இது வழக்கமாகக் காண்பது என்றார்.

அதோடு அவர் விட்டுவிடவில்லை. புதிய கம்ப்ரசர் நான்கே மாதத்தில் தளர்ந்ததற்கான காரணத்தையும் கண்டுபிடித்த பிறகே விலை பேசினார். கம்ப்ரசரோடு சேர்ந்த டிரையரைக் கழற்றித் தட்டில் கொட்டிக் காட்டினார். வெண்மணிகளாக உதிர வேண்டிய சிலிக்கா, நமுத்த சர்க்கரையைப்போல் கட்டிதட்டி, ஒரு பகுதி மாவாகவும் ஆகியிருந்தது. இதன் காரணத்தை அவர் சொன்னபோதுதான் இந்த அமைப்பே எனக்கு விளங்கியது. கம்ப்ரசர் வெளிக்காற்றை இழுத்து டிரையர் வழியாக அனுப்பும்போது ஈரத்தைச் சிலிக்கா பிடித்துக்கொள்கிறது. வண்டி தாழும்போது உலர்ந்த காற்று அதே டிரையர் வழியாகத் திரும்பி வெளியேறி, பிடித்துவைத்த ஈரத்தையும் எடுத்துச் சென்றுவிடுகிறது. அதாவது டிரையர் தன்னைத் தானே உலர்த்திக்கொள்ளும். பெல்லோவில் கசிவு இருந்தாலோ, உள்ளே போன காற்று திரும்பி வராமல் வெடிப்பு வழியாகவே போய்விடுகிறது. டிரையருக்குள் ஈரம் வந்துகொண்டே இருக்கிறது, வெளியேறும் வழி இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் குன்னூர் எப்படி நனையும் என்பதை இங்கே வாழ்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மூன்று மாதங்களும் என் வண்டி மழைக்காற்றையே உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. மாவான சிலிக்கா வால்வு பிளாக்குக்குள் போய், வால்வுகள் சரியாகப் பொருந்தி மூடுவதையும் தடுக்கத் தொடங்கியிருந்தது.

மலையின் உயரமும் இதில் சேர்கிறது. குன்னூரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் அதனினும் குறைவு. ஒவ்வொரு உந்தலிலும் கம்ப்ரசருக்குக் கிடைக்கும் காற்று குறைவதால், கோவையில் நிமிடத்தில் முடிக்கும் வேலைக்கு இங்கே கூடுதல் நேரம் ஓட வேண்டியிருக்கிறது. சமவெளியில் தாங்கிக்கொள்ளும் சிறு கசிவை இங்கே கம்ப்ரசர் தாங்காது. பேருந்தில் எஞ்சினால் ஓடும் பெரிய கம்ப்ரசர் உண்டு, தொட்டியில் தேங்கும் தண்ணீரை வடித்துவிடலாம். காரில் இருப்பதோ உள்ளங்கை அகல மோட்டாரும் ஒரு பிடி சிலிக்காவும்தான் என்று அவர் ஒப்பிட்டுச் சொன்னதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

செய்த வேலை இது: முன் இடது ஸ்ட்ரட் முழுவதும் மாற்றம், டிரையரில் புதிய சிலிக்கா, வால்வு பிளாக்கைக் கழற்றிச் சுத்தம் செய்தல், கம்ப்ரசர் ரிலே மாற்றம். ரிலே என்பது கம்ப்ரசருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்; சிறிய பொருள், விலையும் அற்பம். ஆனால் கம்ப்ரசர் அடிக்கடி ஓடினால் அதன் தொடுமுனைகள் கருகி ஒட்டிக்கொள்ளும்; பிறகு மோட்டார் நிற்காமல் ஓடித் தன்னையே எரித்துக்கொள்ளும். கம்ப்ரசரை மாற்றும்போதே இதையும் மாற்றியிருக்க வேண்டும் என்பது பெரியவரின் கருத்து. வலது பெல்லோவையும் விரித்துக் காட்டினார். மேலாக வறட்சிக் கோடுகள் இருந்தன, குமிழ் இல்லை. இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்லி என்னை வற்புறுத்தியிருக்கலாம்; செய்யவில்லை. “இன்னும் ஓடும் சார், மாசம் ஒருதரம் அளந்து பாருங்க” என்றார். ஓராண்டாக மாதந்தோறும் அளக்கிறேன்; அது இன்னும் காற்றைப் பிடித்து நிற்கிறது. சுருள்வில்லுக்கே மாற்றிவிடலாமா என்று கேட்டதற்கும் நேர்மையான பதில் கிடைத்தது: செலவு குறையும், ஆனால் சுமை ஏற்றினாலும் மட்டம் மாறாத குணம் போய்விடும், கட்டுப்பாட்டுக் கணினியையும் சமாளிக்க வேண்டியிருக்கும்.

வேலை முடிந்ததும் உயரத்தை மறுபடி அளந்து, வண்டியின் உயரத்தைக் கணினிக்குச் சொல்லும் ஹைட் சென்சார்களின் அளவையும் ஸ்கேனரில் திருத்திப் பதிந்தார்கள். என் வண்டியில் முகப்பு விளக்கின் கோணமும் இந்தச் சென்சார்களைப் பார்த்தே மாறுகிறது. பர்லியாறுக்கு மேலே பனிமூட்டத்தில் என் விளக்கொளி சாலையில் விழாமல் மேலே சிதறியதற்குக் காரணம் விளக்கு அன்று, தாழ்ந்து நின்ற முன்சக்கரமே என்பது அப்போதுதான் தெரிந்தது.

குறைகளும் உண்டு. ஸ்ட்ரட் வந்துசேர ஒன்பது நாள் ஆயிற்று. அதற்கிடையில் அவர்களாக ஒருமுறைகூட அழைத்து நிலைமையைச் சொல்லவில்லை, நானேதான் போய்க் கேட்டேன். கோடைச் சீசனில் சுற்றுலா வண்டிகள் வழியில் நின்றுபோனால் அவற்றையே முதலில் கவனிக்கிறார்கள். கூலியையும் உதிரிபாக விலையையும் பிரித்து எழுதித் தருவது கேட்டால்தான் நடக்கிறது. இவற்றைவிட முக்கியமான ஒன்று: ஸ்ட்ரட் மாற்றியபின் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும், அந்த வசதி இங்கே இல்லை. அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சொன்னார்கள். அதற்காக மட்டும் மறுபடி கீழே இறங்க நேர்ந்தது.

பராமரிப்பில் இவர்கள் கேட்பது மிகக் குறைவு. மழைக்காலம் தொடங்கும் முன்பும் முடிந்த பிறகும் வண்டியைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். உயர்த்தி நிறுத்தி, மடிப்புகளில் வெறும் தண்ணீரை மெதுவாக விட்டு மண்ணைக் கழுவுகிறார்கள். பெட்ரோலோ எண்ணெயோ கலந்த எதையும் ரப்பரில் படவிடுவதில்லை. குழாய்களை எலி கடித்திருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள்; தேயிலைத் தோட்டத்து ஓரம் வண்டி நிறுத்துபவர்களுக்கு அது வெறும் சந்தேகம் அன்று. வீட்டில் நாம் செய்ய வேண்டியதாக அவர் மிகவும் அழுத்திச் சொன்னது ஒன்று. சக்கரம் மாற்ற வண்டியைத் தூக்கும் முன், உயரத்தைத் தானாகச் சரிசெய்வதை நிறுத்திவைக்கும் ஜாக் மோடில் போட வேண்டும். இல்லையென்றால் வண்டி உயர்ந்ததைக் கண்டு கணினி தானாகவே காற்றை வெளியேற்றப் பார்க்கும். காற்றில்லாத பெல்லோவின் மேல் வண்டியை இறக்கினால் மடிப்பு தாறுமாறாகச் சிக்கிக் கிழிந்துவிடும். காற்றின் பலத்தில் மட்டும் நிற்கும் வண்டியின் அடியில், முட்டுக் கொடுக்காமல் தலையை நுழைக்கவே கூடாது.

ஸ்ட்ரட் நீங்கலாக மற்ற எல்லா வேலைக்கும் சேர்த்து நான் கொடுத்தது 11,500 ரூபாய். ஓர் இரவு வைத்து அளந்து சோதித்ததற்கு மட்டும் வாங்கியது 800 ரூபாய். வேலையே கொடுக்காமல் சோதனை மட்டும் செய்துகொண்டு போகவும் விடுகிறார்கள். மாலை நான்கு மணிக்குள் வண்டியை விட்டால்தான் அன்றைய அளவை எடுத்துத் தரையில் எழுதுவார்கள், ஞாயிறு விடுமுறை. மண்பாதையின் தொடக்கத்தில் ஒரு மேடு இருக்கிறது. ஏற்கெனவே தாழ்ந்துபோன வண்டியோடு வருபவர்கள், எஞ்சினை ஓடவிட்டு வண்டி முழு உயரத்துக்கு வந்த பிறகே அதைக் கடக்க வேண்டும்.