மரப்பெட்டியா, அட்டைப்பெட்டியா, ஓலைப்பெட்டியா? ஐரோப்பியக் காடழிப்புச் சட்டமும் வன்னிச் சரக்கும்

பனங்கட்டி, ஒடியல் மா, முருங்கையிலைத் தூள் என்று வன்னியிலிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் சிறு குழுக்களைக் கலங்க வைக்கும் கேள்வி ஒன்று உண்டு. வாங்குபவர் அனுப்பும் படிவத்தில், சரக்கைப் பற்றிய கேள்விகளோடு பெட்டியைப் பற்றியும் கேட்டிருப்பார்: அது காடழித்து எடுத்த மரத்தில் செய்ததா? இதைப் பார்த்துப் பயந்து, தேவையில்லாத சான்றிதழுக்குக் காசு கட்டக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்பு ஒழுங்குவிதி 2023 ஜூனில் அமுலுக்கு வந்தது. அதைக் கட்டாயமாக்கும் திகதி இரண்டு தடவை தள்ளிப்போய், இப்போது பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30, மிகச் சிறியவைக்கும் சிறியவைக்கும் பொதுவாக 2027 ஜூன் 30 என்று நிற்கிறது. கால்நடை, கொக்கோ, கோப்பி, எண்ணெய்ப்பனை, இறப்பர், சோயா, மரம் ஆகிய ஏழும் அவற்றிலிருந்து வரும் குறிப்பிட்ட பொருட்களும் அதன் பட்டியலில் உள்ளன. மரத்தோடு பலகைப் பெட்டி, பலட் (சரக்கை அடுக்கித் தூக்கும் மரத்தட்டு), கூழ், கடதாசி, அட்டை எல்லாம் சேரும். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழிக்கப்பட்ட நிலத்திலிருந்து வந்தவற்றை ஒன்றியச் சந்தையில் விற்க முடியாது. லண்டனுக்கோ சூரிச்சுக்கோ ரொறன்ரோவுக்கோ போகும் சரக்கை இந்த விதி தொடாது. பாரிஸ், பெர்லின் என்றால்தான் பேச்சு.

அந்த ஒழுங்குவிதியில் எல்லாரும் தவறவிடும் வாசகம் ஒன்று இருக்கிறது. வேறொரு பொருளைத் தாங்கவோ காக்கவோ சுமக்கவோ மட்டும் பயன்படும் பொதி, அந்தப் பொருளோடு போகும்போது விதிக்குள் வராது. 50 போத்தல் நெல்லி ரசத்தைச் சுமந்து போகும் பலகைப் பெட்டிக்கு, மரம் வளர்ந்த நிலத்தின் ஆள்கூறு (வரைபடத்தில் இடத்தைக் காட்டும் எண்கள்) கேட்கமாட்டார்கள். அதே பெட்டியை வெறும் பெட்டியாக ஒருவர் ஐரோப்பாவுக்கு விற்றால் கேட்பார்கள். நகை வைக்கும் மரப்பேழை போன்ற கைவினைப் பொருளுக்கும் அப்படித்தான், ஏனென்றால் அங்கே மரமே சரக்கு. ஆகவே தெரிவுகளை ஒப்பிடும்போது முதலில் கேட்க வேண்டியது இதுதான்: பெட்டி விற்கப்படுகிறதா, கூடப் போகிறதா?

மரப்பெட்டியில் இருந்து தொடங்குவோம், சிக்கல் அதிகம் அங்கேதான். மரத்தைச் சரக்காக விற்றால் மர இனத்தின் விஞ்ஞானப் பெயர், வெட்டிய காலம், நிலத்தின் ஆள்கூறு எல்லாம் கொடுக்க வேண்டும். நிலம் 4 ஹெக்டேயருக்கு உட்பட்டால் ஒரு புள்ளி போதும். அதற்கு மேலே போனால் எல்லை முழுவதையும் வரைந்து காட்ட வேண்டும். உள்நாட்டுச் சட்டப்படி வெட்டியதற்கும் ஆதாரம் வேண்டும். வன்னியில் இந்த இடத்தில்தான் இடறும். போரில் இடம்பெயர்ந்த சனங்களின் வயல்களிலும் மேட்டு நிலங்களிலும் ஆண்டுக்கணக்கில் காடு மண்டியது. திரும்பி வந்தபோது பலருடைய காணியில் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் நின்றது. ஐரோப்பிய விதியோ அரை ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலம், 5 மீற்றருக்கு மேல் வளர்ந்த மரம், 10 வீதத்துக்கு மேல் மரக்கிளைகள் மூடிய நிழல் என்றிருந்தால் காடு என்கிறது. விவசாயத்துக்குரியதாய் இருந்து தரிசாக விடப்பட்ட நிலத்தை விவசாய நிலமாகவே கருத அதில் இடம் உண்டு. ஆனால் செய்மதிப் படத்தில் அது பச்சைக் காடாகத்தான் தெரியும். தன் தகப்பன் உழுத காணியைத் துப்புரவாக்கிய ஒருவர் பெர்மிட்டையும் பழைய உறுதியையும் காட்டி அதை நிரூபிக்க வேண்டிய நிலை. இந்த விதியை எழுதியவர்களின் நினைவில் இடம்பெயர்ந்தவர்களின் காணி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை, அது எனக்கு ஆத்திரமாகவே இருக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். இரவில் உழவு இயந்திரத்தில் ஏற்றிப் போகும் முதிரையும் பாலையும் நம் காட்டைத்தான் வெறுமையாக்குகின்றன. அனுமதிப் பத்திரம் காட்டாத மரக்காலையில் வாங்கிய பலகையில் பெட்டி அடித்து, பொதிக்கு விதி இல்லையே என்று அனுப்புவது ஐரோப்பிய விதிக்குள் நிற்கலாம், மனச்சாட்சிக்குள் நிற்காது. மரம் வேண்டும் என்றால் நடுகைத் தேக்கு, தென்பகுதியின் இறப்பர் மரம், அல்லது ஏற்கெனவே பாவித்த பலட்.

மரப்பொதிக்கு வேறொரு விதியும் உண்டு. அதையும் காடழிப்பு விதியையும் பலர் குழப்புகிறார்கள். பூச்சி பரவாமல் இருக்க, பலகையின் உள்மையத்தை 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குவது போன்ற ஏற்கப்பட்ட முறையில் பதப்படுத்தி, கோதுமைக் கதிர் வடிவ முத்திரை குத்தப்பட வேண்டும் என்பது அது. பெட்டி கூடப் போனாலும் இதிலிருந்து விலக்கு இல்லை. ஒட்டுப்பலகை போன்றவற்றுக்குத் தேவைப்படாது.

அட்டைப்பெட்டியில் இரண்டு வகை. புது மரக்கூழில் செய்தது பலமானது, ஈரத்தைத் தாங்கும். ஆனால் வெறும் அட்டையாக விற்றால் கூழ் வந்த காடு வரை கணக்குக் காட்ட வேண்டும். கழிவுக் கடதாசியில் மட்டும் செய்த மீள்சுழற்சி அட்டையை எப்படி விற்றாலும் விதி பிடிக்காது; புதுக்கூழ் கலந்திருந்தால் கலந்த பங்குக்கு மட்டும் பொறுப்பு. மீள்சுழற்சி அட்டையின் குறை, நார் குட்டையாகி மழைக்காலத்தில் தளர்வது. மாரியில் ஏ-9 வீதியால் போகும் பனங்கட்டிக்கு இரட்டை அடுக்கு அட்டையும் உள்ளே பிளாஸ்டிக் உறையும் போட்டால் சமாளிக்கலாம். நண்டுக்கும் மீனுக்கும் ரெஜிபோம் (நுரைப் பிளாஸ்டிக்) பெட்டிதான் இப்போதைக்கு. அங்கே இந்தக் கேள்வியே எழாது.

ஓலைப்பெட்டி பட்டியலிலேயே இல்லை. எண்ணெய்ப்பனை வேறு, நம் பனை வேறு. சரக்காக விற்றாலும் பரிசுப் பெட்டியாக அனுப்பினாலும் காடழிப்புப் படிவம் தேவையில்லை; மரத்தைத் தறிக்காமல் குருத்து எடுக்கிறோம். அடுக்கினால் நசியும், பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் வெளிப்பெட்டியாக அது உதவாது.

என் தெரிவு: வெளியே மீள்சுழற்சி அட்டை, உள்ளே ஓலைப்பெட்டி. பாரம் கூடிய போத்தலுக்கு மட்டும் முத்திரை குத்திய பலட். சான்றிதழ் பெற்ற மரம் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், அந்தச் சான்றிதழ் தனியே இந்த விதியை நிறைவேற்றாது என்பதை நினைவில் வையுங்கள். வாங்குபவரின் படிவத்துக்கு, பெட்டி சரக்கைச் சுமக்க மட்டும் போகிறது, தனியே விற்கப்படவில்லை என்று எழுதி, அட்டை விற்றவரிடம் மீள்சுழற்சி வீதத்தைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்கி இணையுங்கள். பேப்பர்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருப்பது நல்லது. அங்கே சந்தைப்படுத்துபவருக்கு அவ்வளவு காலம் ஆவணம் வைத்திருக்கும் கடமை உண்டு, கேட்டால் நீங்கள்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.