குட்டன்பர்க் பைபிள் நகல் பதிப்பு: சிவப்பு அருமை, தங்கம் சொதப்பல்

குறையும் சொல்லப் போவதால் பதிப்பகத்தின் பெயர் வேண்டாம். ஐரோப்பாவில் உலோக அச்செழுத்துகளைக் கோத்து அச்சிட்ட முதல் பெரிய புத்தகம் குட்டன்பர்க் பைபிள். அதில் தோலில் அச்சான ஒரு பிரதியைப் படமெடுத்து, இரண்டு தொகுதிகளாக முழு வண்ணத்தில் போட்டிருக்கிறார்கள்.

வாங்குமுன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும், முன்னுரையில் இதைச் சரியாகச் சொல்லவே இல்லை. 1455 வாக்கில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் இருந்த குட்டன்பர்க்கின் அச்சகத்திலிருந்து வெளியே போனது கிட்டத்தட்ட கறுப்பு எழுத்து மட்டும்தான். தொடக்கத்தில் சில பக்கங்களில் தலைப்புகளைச் சிவப்பிலேயே அச்சடித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள், அப்புறம் எங்கே எந்தத் தலைப்பைக் கையால் எழுத வேண்டும் என்று தனியாக 8 பக்கப் பட்டியல் அச்சடித்தார்கள். மற்றதெல்லாம் வாங்கியவர் பாடு. ஓவியரைப் பிடித்து, கையில் இருக்கும் காசுக்கு ஏற்ப வண்ணம் தீட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் ஒரு பிரதி மாதிரி இன்னொன்று இருக்காது. பாரிஸில் உள்ள ஒரு பிரதியில் ஹைன்ரிஷ் கிரேமர் என்ற பாதிரியார், 1456 ஆகஸ்டில் வேலையை முடித்ததாக எழுதியே வைத்திருக்கிறார்.

சரி, இந்த நகல் எப்படி? சிவப்பு எழுத்துகளுக்காகவே வாங்கலாம். பேனாவில் மை தீரத் தீர எழுத்து வெளிறிக்கொண்டே வருவதும், மறுபடி தொட்டவுடன் அடுத்த எழுத்து பளிச்சென்று தொடங்குவதும் அப்படியே தெரிகிறது. வரிகளுக்கு நடுவே ஒவ்வொரு பெரிய எழுத்தின் மேலும் சின்னதாக ஒரு சிவப்புக் கோடு இழுத்திருக்கிறார்கள், பக்கம் பக்கமாக, ஆயிரக்கணக்கில். யார் உட்கார்ந்து செய்தாரோ, பொறுமைசாலி!

தங்கம்தான் ஏமாற்றம். மெருகேற்றிய தங்க ரேக்கு பக்கத்தைச் சாய்த்தால் மின்ன வேண்டும், இங்கே அது கடுகு நிறத்தில் செத்துக் கிடக்கிறது. நீலமும் தட்டை. போதாததற்கு வழவழப்பான தாள், விளக்கடியில் படித்தால் கண் கூசுகிறது. அளவையும் குறைத்துவிட்டதால், ஓரங்களில் ஓடும் கொடிகளின் மெல்லிய முனைகளைப் பார்க்கப் பூதக்கண்ணாடி தேவைப்படுகிறது. பைண்டிங் பரவாயில்லை.

வண்ணங்களை ஆராயத்தான் வாங்குகிறீர்கள் என்றால் அவசரப்படாதீர்கள். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழக நூலகம் தன் பிரதியை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது, இலைக்கொடிகளைப் படிப்படியாக எப்படித் தீட்டுவது என்று சொல்லும் அந்தக் கால ஓவியர் கையேடும் கூடவே கிடைக்கும். இதே பதிப்பகம் 1457-இல் மைன்ஸில் அச்சான சங்கீதப் புத்தகத்தை (பைபிளில் வரும் துதிப்பாடல்களின் தொகுப்பு) போட்டால் யோசிக்காமல் வாங்குவேன். அதில் பெரிய முதலெழுத்துகள் சிவப்பும் நீலமுமாக அச்சிலேயே வந்தவை, இவர்களின் தட்டை வண்ணம் அங்கே அவ்வளவாக உறுத்தாது.