வாடிக்கையாளரிடம் பேச்சா, ஞாபகமா?

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கம் சாப்பாட்டுக் கடைகளில் சர்வர் வேலைக்குச் சேரும் தம்பிகள் பலரும் முதலில் கையில் எடுப்பது பேச்சைத்தான். "அங்கிள், நல்லா இருக்கீங்களா? மகன் தேசிய சேவை முடிச்சிட்டாரா?" என்று விசாரித்தால் மனிதர் மறுபடி வருவார் என்பது கணக்கு. இன்னொரு வழி, அதிகம் பேசாமல் அவர் என்ன சாப்பிடுவார், எப்படிச் சாப்பிடுவார் என்பதை மனதில் வைத்துக்கொள்வது. இரண்டையும் செய்து பார்த்துவிட்டு நான் ஞாபகத்தின் பக்கம் வந்துவிட்டேன்.

பேச்சின் பலம் தெரிந்ததுதான். தனியாகச் சாப்பிட வரும் வயதானவர்களுக்கு அது உண்மையிலேயே தேவை. மதியக் கூட்டம் கலைந்த பிறகு தாராளமாகப் பேசலாம்.

ஆனால் கூட்ட நேரத்தில் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஞாயிறு சாயங்காலம் வெளிநாட்டு ஊழியர்கள் வந்து சேர, லிட்டில் இந்தியாவே நிரம்பி வழியும். வாரம் முழுக்க நலம் விசாரித்த அதே அங்கிளுக்கு அப்போது ஒரு தலையசைப்புக்கு மேல் தர முடியாது. பேசிப் பழக்கிவிட்டு திடீரென்று நிறுத்தினால் அவருக்கு மனம் சுணங்கும். ஞாபகத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர் உட்காரும்போதே "தே ஓ கோசோங்தானே அங்கிள்?" (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? பிராட்டாவுக்கு மீன் குழம்பு வேண்டாம், பருப்புதான் என்பவர், ரசத்தைத் தனிக் கிண்ணத்தில் கேட்பவர், இவர்களுக்கெல்லாம் அவர்கள் வாய் திறப்பதற்குள் சொல்லிவிடலாம். இத்தனை நெரிசலிலும் தன்னைக் கவனிக்கிறார்கள் என்று தெரியும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். நமக்கு விடுப்பு என்றால், கூட வேலை பார்ப்பவரிடம் இதைச் சொல்லிவிட்டுப் போகவும் முடியும். பேசிப் பழகியதை அப்படிக் கைமாற்ற முடியாது.

ஆனால் கேட்காமல் கொண்டுவந்து வைத்துவிடாதீர்கள். புரட்டாசியிலும் தைப்பூச விரதத்திலும் மீன் பிரியர்களே சைவத்துக்கு மாறிவிடுவார்கள். "வழக்கம்போலத்தானா?" என்ற கேள்வி எப்போதும் வேண்டும். அப்புறம், பீர் குடிக்கிறவர் குடும்பத்தோடு வந்திருந்தால் அந்தக் கேள்விகூட வேண்டாம்.

கூடுதலாக ஒரு வடை வைத்து ஆளைப் பிடிப்பவர்களும் உண்டு. அது முதலாளியின் வடை. அவர் சரி என்றால் வையுங்கள்.

கியூஆர் குறியீட்டில் ஆர்டர் எடுக்கும் கடைகளில் நிலைமை வேறாக இருக்கலாம். அங்கே எனக்கு அனுபவம் குறைவு. ஆர்டர் நேராக அடுக்களைக்குப் போய்விடுவதால் பேச்சுக்கு இடம் கூடும் என்று தோன்றுகிறது. ஆனாலும் ஏசி நேராக அடிக்கும் மேசை யாருக்கு ஆகாது, குழந்தை நாற்காலி யாருக்கு வேண்டும் என்பதையெல்லாம் அங்கேயும் சர்வர்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.