ஏதென்ஸில் சாக்ரடீஸ் நடைச் சுற்றுலா: வழக்கு தெளிவு, மரணம் குழப்பம்

ஏதென்ஸுக்குச் செல்பவர்களை அக்ரோபோலிஸ் குன்றின் மேல் ஏற்றி இறக்கும் சுற்றுலா நிறுவனங்களுக்குக் குறைவில்லை. சாக்ரடீஸின் வழக்கையும் மரணத்தையும் மட்டும் பொருளாக எடுத்துக்கொண்டு, அவற்றோடு தொடர்புடைய இடங்களின் வழியாகக் கால்நடையாக அழைத்துச் செல்லும் சுற்றுலா ஒன்றில் நான் சேர்ந்தேன். அதன் மதிப்பீடே இது. வழிகாட்டி மாறினால் உரையும் மாறக்கூடும் என்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. வழக்கு எப்படி நடந்தது என்பதை விளக்கிய முதற்பாதிக்காக இந்தச் சுற்றுலாவைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மரணத்தைக் காட்டுவதாகச் சொல்லி அழைத்துச் சென்ற கடைசிப் பகுதிக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது.

பெரும்பாலான சுற்றுலாக்களைப் போல, பழைய ஏதென்ஸின் சந்தைவெளியும் பொது இடமுமான அகோராவின் நுழைவாயிலில் தொடங்காமல், அட்ரியானு தெருவின் ஓரத்திலிருந்து தொடங்கியது இவர்களின் முதல் நல்ல முடிவு. பிரேயஸ் துறைமுகத்துக்குச் செல்லும் ரயில் பாதை பழைய அகோராவின் வடபகுதியை வெட்டிக்கொண்டு போகிறது. அந்தப் பாதைக்கு வடக்கே, தெருவின் மட்டத்துக்குக் கீழே ஒரு பள்ளத்தில், 1970ஆம் ஆண்டு அகழ்ந்தெடுக்கப்பட்ட ‘அரச மண்டபம்’ கிடக்கிறது. சுமார் 18 மீட்டர் நீளமே உள்ள இந்தச் சிறிய கட்டடத்தில்தான், சமயம் சார்ந்த வழக்குகளை விசாரணைக்கு ஏற்கும் அதிகாரியான அரச ஆர்க்கன் அமர்ந்திருந்தார்; கி.மு. 399இல் மெலிட்டஸ் கொடுத்த குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல சாக்ரடீஸ் வந்து நின்றதும் இங்கேதான். நகரம் வணங்கும் தெய்வங்களை ஏற்கவில்லை, புதிய தெய்வங்களைப் புகுத்துகிறார், இளைஞர்களைக் கெடுக்கிறார் என்பவை குற்றச்சாட்டுகள். கோரப்பட்ட தண்டனை மரணம். மண்டபத்தின் முன்னே, ஆர்க்கன்கள் பதவியேற்கும்போது ஏறி நின்று உறுதிமொழி எடுத்த பெரிய கற்பாளம் இன்றும் கிடக்கிறது. வழிகாட்டி அந்தக் கல்லைச் சுட்டிக்காட்டி, ஏதென்ஸில் அரசு வழக்கறிஞர் என்று ஒருவர் கிடையாது, விரும்பும் எந்தக் குடிமகனும் வழக்குத் தொடுக்கலாம், ஆனால் ஐந்தில் ஒரு பங்கு வாக்குகூடப் பெறாவிட்டால் தொடுத்தவரே 1000 திராக்மா அபராதம் கட்ட வேண்டும் என்று விளக்கினார். அனைட்டஸும் லைக்கானும் துணைக்கு வராமல் இருந்திருந்தால் மெலிட்டஸ் அந்த அபராதத்தைக் கட்டியிருப்பான் என்று சாக்ரடீஸ் நீதிமன்றத்திலேயே கேலி செய்ததன் பொருள், இந்த விளக்கத்துக்குப் பிறகுதான் சரியாக விளங்குகிறது.

அடுத்து நின்ற இடம், அகோராவின் மேற்கு ஓரத்தில் வட்ட அடித்தளமாக எஞ்சியிருக்கும் தோலோஸ். கி.மு. 404இல் ஸ்பார்ட்டாவின் துணையோடு ஆட்சியைப் பிடித்த முப்பதுபேர் குழு, சாக்ரடீஸையும் வேறு நால்வரையும் இங்கே வரவழைத்து, சலாமிஸ் தீவைச் சேர்ந்த லியோன் என்பவரைக் கொல்வதற்காகப் பிடித்துவரச் சொன்னது. நால்வரும் சலாமிஸுக்குப் போக, சாக்ரடீஸ் வீட்டுக்குப் போனார். அந்தக் குழுவின் தலைவர்களுள் ஒருவரான கிரிட்டியாஸ், ஒருகாலத்தில் சாக்ரடீஸோடு பழகியவர் என்பதும், கி.மு. 403இல் மக்களாட்சி மீண்டபின் அறிவிக்கப்பட்ட பொதுமன்னிப்பு பழைய அரசியல் குற்றங்களை எழுப்பவிடாமல் தடுத்தது என்பதும், குற்றப்பத்திரிகையில் இல்லாத, ஆனால் வழக்கின் அடியில் ஓடும் செய்திகள். இவற்றை அவசரமின்றி, ஒரு பக்கமும் சாயாமல் சொன்னது பாராட்டுக்குரியது. சாக்ரடீஸைக் குற்றமற்ற தியாகியாகவும் ஏதென்ஸ் மக்களை மூடர் கூட்டமாகவும் காட்டிவிட்டு நகர்வது எளிது. கேட்பவர்களும் அதையே எதிர்பார்க்கிறார்கள்.

ஒரு தகவல்பிழை மட்டும் இங்கே நேர்ந்தது. தண்டனைக்குப் பதிலாகத் தமக்கு அரசு செலவில் உணவளிக்க வேண்டும் என்று நீதிமன்றத்தில் சாக்ரடீஸ் கேட்டது, இந்தத் தோலோஸில் அளிக்கப்பட்ட உணவைத்தான் என்று வழிகாட்டி சொன்னார். தோலோஸில் உண்டவர்கள் ஆட்சிமன்றத்தின் முறைப்பணியில் இருந்த உறுப்பினர்கள். சாக்ரடீஸ் கேட்டதோ, ஒலிம்பிக் வெற்றியாளர்களுக்கு விருந்தளிக்கும் பிரிட்டனேயன் என்ற வேறொரு கட்டடத்தின் உணவை. நடுவர்களுக்கு எரிச்சல் மூட்டிய அந்தக் கோரிக்கையின் துணிச்சல் முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது என்பதால் இதைச் சிறு பிழை என்று விட முடியவில்லை.

சுற்றுலாவின் உச்சம் என்று நான் கருதுவது, 1950களில் பழைய வடிவிலேயே மீண்டும் கட்டப்பட்ட அட்டாலஸ் மண்டபத்தில் உள்ள அருங்காட்சியகம். அங்கே கண்ணாடிப் பேழைக்குள் ஒரு நீர்க்கடிகாரம் இருக்கிறது: அடியில் சிறு குழாய் வைத்த மண்பானை, ஏறத்தாழ 6.4 லிட்டர் கொள்ளும், காலியாவதற்குச் சுமார் 6 நிமிடம் ஆகும். அதன் மேல் அன்டியோகிஸ் என்ற குலப்பிரிவின் பெயர் எழுதப்பட்டுள்ளது. சாக்ரடீஸ் சேர்ந்திருந்த பிரிவும் அதுவே. ஆறு நிமிடத்தில் ஓர் உயிருக்கு வாதாடினாரா என்று உடன் வந்த ஒருவர் கேட்டதற்கு, பொதுவழக்குகளில் இதைவிடப் பன்மடங்கு நேரம் தரப்பட்டது என்றும், ஆனால் எத்தனை பெரிய வழக்கானாலும் ஒரே பகலுக்குள் முடிந்தாக வேண்டும் என்றும் வழிகாட்டி பொறுமையாக விளக்கினார். ஒரே நாளில் உங்கள் மனத்திலுள்ள நெடுங்கால அவதூறுகளைத் துடைப்பது கடினம் என்று சாக்ரடீஸ் வருந்தியது இதைத்தான்.

பக்கத்தில் வெண்கல வாக்குச் சில்லுகள். சில்லின் நடுவே ஒரு சிறிய அச்சு நீட்டிக்கொண்டிருக்கும். துளையுள்ள அச்சு வழக்குத் தொடுத்தவருக்கு, துளையற்றது எதிராளிக்கு. அச்சின் இரு முனைகளையும் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மூடிப் பிடித்தால் எந்த வாக்கு விழுகிறது என்பது அருகில் நிற்பவருக்கும் தெரியாது. வழிகாட்டி ஒரு நகலை எங்கள் கையில் கொடுத்துப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். கட்டணத்தில் பாதி அதற்கே தகும். இந்தச் சில்லுகள் அடுத்த நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பதையும், நடுவர்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுக்கும் கற்பலகை அதைவிடவும் பிற்பட்டது என்பதையும் அவர் சொல்லியிருக்கலாம். பேழைக்கு அருகிலுள்ள விளக்க அட்டையைப் படிக்காதவர்கள், சாக்ரடீஸின் நடுவர்கள் இதே சில்லுகளைப் போட்டார்கள் என்று நம்பியே வெளியேறியிருப்பார்கள்.

வாக்குக் கணக்கை மாறாகச் செம்மையாகச் சொன்னார். முப்பது வாக்கு இடம் மாறியிருந்தால் விடுதலை கிடைத்திருக்கும் என்பது பிளேட்டோ எழுதிய உரையில் சாக்ரடீஸே சொல்வது. நடுவர்கள் 501 பேர் என்று கொண்டால் 280க்கு 221 என்று வருகிறது. குற்றம் உறுதியான பின் தண்டனையை முடிவு செய்ய இரண்டாம் வாக்கெடுப்பு. இரு தரப்பும் ஒவ்வொரு தண்டனையை முன்மொழிய, நடுவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நடுவே ஒன்றைத் தாமாக விதிக்க அதிகாரமில்லை. விருந்து கேட்டவர், பிறகு ஒரு மினா (100 திராக்மா) அபராதம் என்றார், நண்பர்கள் வற்புறுத்தியதும் 30 மினா என்றார். ஒரு நடுவரின் நாட்கூலி 3 ஒபல் (அரை திராக்மா) என்ற கணக்கில் 30 மினா என்பது 6000 நாள் கூலி. அது கேலித்தொகை அன்று என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது.

செருப்புத் தொழிலாளி சைமனின் வீட்டு அடித்தளத்தையும், அங்கே கிடைத்த ஆணிகளையும், அவன் பெயர் கீறிய கிண்ணத்தின் அடிப்பகுதியையும் பற்றிய பேச்சு சுவையாக இருந்தாலும் வழக்கோடு ஒட்டவில்லை.

இனி ஏமாற்றம். அகோராவின் தென்மேற்கு மூலைக்கு அப்பால், நீண்ட நடைவழியின் இருபுறமும் அறைகள் அமைந்த ஒரு கட்டடத்தின் அடித்தளம் உள்ளது. ஓர் அறையில் தரையில் பதித்த தாழியும் நீர்த்தொட்டியும் இருந்தன. 13 சிறிய மண்குப்பிகளும் சாக்ரடீஸின் சிறு பளிங்குச் சிலை ஒன்றும் இங்கே கிடைத்தன. இதுவே அரசுச் சிறை என்பது தொல்லியலாளர் யூஜின் வாண்டர்பூல் முன்வைத்த கருத்து. எல்லோரும் ஏற்ற முடிவு அல்ல என்றாலும், இறப்பதற்குமுன் சாக்ரடீஸ் குளித்தார் என்ற செய்தியோடும், அளந்து அரைத்த ஹெம்லாக் நஞ்சோடும் பொருந்துவது இந்த இடமே. எங்கள் குழுவோ இதைக் கடந்து, ஃபிலோபாப்பு குன்றில் பாறையைக் குடைந்து கம்பிக்கதவு போட்ட குகைகளின் முன் கொண்டுபோய் நிறுத்தப்பட்டது. ‘சாக்ரடீஸின் சிறை’ என்ற பலகை அங்கே உண்டு, ஆதாரம் கிடையாது. இரண்டாம் உலகப்போரில் தொல்பொருள்களை ஒளித்துவைக்கப் பயன்பட்டதுதான் அக்குகைகளின் உறுதியான வரலாறு.

குகைமுன் ஒலிபெருக்கியில் சோக இசை ஓட, கடைசி நேரம் நடிப்போடு வாசிக்கப்பட்டது. பிளேட்டோவின் மூலத்தில் உள்ளவை அதைவிடக் கூர்மையானவை: அதிகம் பேசினால் உடல் சூடேறி நஞ்சை இரண்டு மூன்று முறை குடிக்க நேரிடும் என்று நஞ்சு கொடுக்கவிருந்தவர் எச்சரித்தது, டெலோஸ் தீவுக்குப் போன புனிதக் கப்பல் திரும்பும்வரை தண்டனை தள்ளிப்போனது, காலில் தொடங்கிய மரப்பு மேலேறியது, மருத்துவத் தெய்வமான அஸ்க்லேபியஸுக்கு ஒரு சேவல் கடன்பட்டிருக்கிறோம் என்று நண்பர் கிரிட்டோவிடம் சாக்ரடீஸ் சொன்னது. கப்பலும் எச்சரிக்கையும் வாசிப்பில் இடம்பெறவேயில்லை. சேவலைச் சொன்னவர், அந்தத் தெய்வத்தின் கோயில் அக்ரோபோலிஸின் தென்சரிவில் இன்றும் பார்க்கக்கூடியது என்பதைச் சொல்லவில்லை.

அகோராவின் நுழைவுச்சீட்டு கட்டணத்தில் அடங்காது; முன்பதிவின்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. வழிகாட்டியின் குரலைக் கேட்கத் தரப்படும் காதுக்கருவி ரயில் கடக்கும்போதும் தெளிவாகவே இருந்தது. அட்டாலஸ் மண்டபத்தைத் தவிர வழியில் நிழல் குறைவு என்பதால் கோடையில் காலை நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அருங்காட்சியகம் முடிந்ததும் குழுவிடம் விடைபெற்றுக்கொண்டு, சிறையின் அடித்தளத்தைத் தனியாகப் போய்ப் பார்ப்பவர்களுக்குக் குன்று ஏறும் களைப்பு மிச்சம்.